நொண்டும் நாய்க்குட்டிக்கு அறுவை சிகிச்சை

விடியுமுன் பெற்றோர் வேலைக்குப் புறப்பட்டுவிட்டால், வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் காவல் நாய்தான். அந்த நாய் எட்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே எழுந்திருக்கத் தடுமாறுகிறது. வாசற்படி ஏறத் தயங்குகிறது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயலைப்போல் தாவுகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடலாமா? கூடாது.

இடுப்பு எலும்பில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதில் பொருந்தி அசைகிறது. சில குட்டிகளுக்கு வளரும்போதே இந்தப் பொருத்தம் தளர்ந்துவிடும். அதனால் குருத்தெலும்பு தேய்ந்து வலி உண்டாகிறது. அல்சேஷன், லேப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களிலும் அவற்றின் கலப்பிலும் இது அதிகம். பரம்பரையாக வரும் குறை இது. ஆகவே அத்தகைய நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். எல்லாக் குட்டிகளுக்கும் அறுவை தேவைப்படாது. தேவையானால், உருண்டைத் தலையை வெட்டி எடுத்துவிடுவது ஒரு முறை. அப்புறம் நாய் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். எலும்போடு எலும்பு உரசுவது நின்றுவிடும். சுற்றியுள்ள தசையும் நாரும் சேர்ந்து மூட்டுப்போல் தாங்கிக்கொள்ளும். எடை குறைந்த நாய்களுக்கு இது நல்ல பலன் தரும். ஆனால் அந்தத் தசையை வளர்ப்பது வைத்தியரின் கத்தியல்ல, வீட்டாரின் கவனிப்பே.

அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டதா? முதலில் தீனியை அளவாகக் கொடுங்கள். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். சிமெண்டுத் தரையில் கால் வழுக்காமல் கோணிச்சாக்கு விரித்துவிடுங்கள். வலிக்கிறதே என்று பாரசிட்டமால், இபுபுரோஃபன் போன்ற நம் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். அவை நாயைக் கொன்றுவிடக்கூடும். தைலமும் தேய்க்க வேண்டாம், நக்கி விழுங்கிவிடும்.

வைத்தியர் சொன்ன நேரத்திலிருந்து உணவை நிறுத்துங்கள். பாவம், பசிக்குமே என்று பிள்ளைகள் ரொட்டித் துண்டைக் கொடுத்துவிடக்கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தையலை நக்கவிடாதீர்கள். தையல் பிரிக்கப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள் ஆகும். ஓடவும் குதிக்கவும் விடக்கூடாது. அதற்காக ஒரே மூலையில் கட்டிப்போடுவதும் தவறு. சும்மா கிடந்தால் தசை சுருங்கி, கால் விறைத்துவிடும். வைத்தியர் சொல்லும் நாளிலிருந்து, கயிற்றில் பிடித்து, மெதுவாக, கொஞ்ச தூரம், ஒரு நாளைக்குப் பலமுறை நடத்துங்கள். மெதுவாக நடந்தால்தான் அந்தக் காலை ஊன்றும்; வேகமாக இழுத்தால் மூன்று காலில் தாவப் பழகிவிடும்.

நன்றாக நடக்கப் பல வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்களும் ஆகலாம். ஒரு வாரத்தில் கால் ஊன்றவில்லையே என்று மனம் தளரவேண்டாம். செலவு எவ்வளவு, மறுகாலுக்கும் அறுவை வேண்டியிருக்குமா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாலையில் நாயை நடத்தும் பொறுப்பைப் பெரிய பிள்ளையிடம் கொடுங்கள். வாயில்லாப் பிராணிக்குப் பொறுமையோடு செய்யும் பணிவிடை, பிள்ளைகளுக்கும் ஒரு நல்ல பாடம்.