செவ்வாய்க்கிழமை ஷிப்ட்

செவ்வாய்க்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள், காசு வாங்கமாட்டார்கள். ஆனால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டுகிற, செக்கிங் பார்க்கிற பெண்ணுக்குக் கூலி பெரும்பாலும் பீஸ் ரேட், இல்லையென்றால் ஷிப்ட் கணக்கு. வரிசையில் உட்கார்ந்து மதியமாகிவிட்டால், சனிக்கிழமைச் சம்பளத்தில் துண்டு விழும்.

மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பீஸ் ரேட்டுக்காரருக்கும் உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் பணத்தை அவர்களே தருவார்கள், 70 நாள் சந்தா இருக்க வேண்டும். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் இதற்கெல்லாம் பதிவேடு இருக்கும். அதே ஆர்டரை ஜாப்வொர்க்காக எடுத்துத் தைக்கிற சின்னப் பவர்டேபிளில், அந்த 80 நாளை எந்தத் தாளைக் காட்டி நிரூபிப்பது?

ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர் பாடு இன்னும் சிரமம். பேச்சு புரியாது, லைன் வீடு மாறினால் பார்க்க வரும் கிராம சுகாதார செவிலியரும் மாறிவிடுவார். உள்ளூர்க்காரரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். வேலை போய்விடுமோ என்று சூப்பர்வைசரிடம் பலர் வாய் திறக்காத மாதங்களும் அவைதான்.

சந்தேகமிருந்தால் சுகாதார உதவி எண் 104-க்குப் பேசுங்கள். சம்பளச் சீட்டு தந்தால் பத்திரமாக வையுங்கள், தராவிட்டால் கேளுங்கள்.