சிறுநீரகமும் கணினியும்



தீவிர சிகிச்சைப் பிரிவிலே கிடக்கும் நோயாளியின் இதயத் துடிப்புப் பிறழ்ந்தால் அருகிலுள்ள கருவி உடனே ஒலியெழுப்பும். மூச்சுத் தளர்ந்தாலும் அவ்வாறே. சிறுநீரகமோ ஓசையின்றிக் கெடுவது. குருதியிலே கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருள் மிகுவதையும், சிறுநீர் குறைவதையும் கொண்டே வைத்தியர்கள் அக்கேட்டினை அறிவர். கிரியேற்றினின் உயர்ந்து தெரிவதற்குள் பல மணித்தியாலங்கள் கழிந்துவிடும். வேளையோடு அறிந்தால், தீங்கு செய்யும் மருந்தை நிறுத்தலாம். தாழ்ந்த குருதி அமுக்கத்தைச் சீர்செய்யலாம். பிந்தினால், குருதியை இயந்திரத்தாற் சுத்திகரிக்க நேரிடலாம்.

வேளையோடு அறிவதற்குக் கணினி உதவுமா? இவ்வினாவை ஆராய்ந்த பெருமுயற்சியொன்று 2019ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் வெளியாயிற்று. இலண்டன் நகரின் டீப்மைன்ட் நிறுவனத்தார், ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர் நலத் திணைக்களத்தாருடன் சேர்ந்து இதனைச் செய்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவோடு நில்லாது, அத்திணைக்களத்தின் வைத்தியசாலைகளை நாடிய 703,782 பேரின் பதிவேடுகளைப் பெயர் நீக்கி எடுத்துக்கொண்டனர். எக்குறிகளின் பின் சிறுநீரகம் கெட்டது என்பதை அப்பதிவேடுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொண்டது. இம்முறையையே இயந்திரக் கற்றல் என்பர்.

வைத்தியசாலையில் தங்கியிருந்தோருக்கு நேர்ந்த சிறுநீரகக் கேடுகளில் நூற்றுக்கு 55.8 பங்கினை அக்கணினி 48 மணித்தியாலங்கள் வரை முன்னதாகக் காட்டிற்று. பின்னர் குருதிச் சுத்திகரிப்பு வேண்டியிருந்த கடுங் கேடுகளிலோ நூற்றுக்கு 90.2 பங்கினைக் காட்டிற்று.

பெறுபேறு வியக்கத்தக்கதே. எனினும் இரண்டு செய்திகளை நாம் மறத்தலாகாது. ஒவ்வோர் உண்மை எச்சரிக்கைக்கும் இரண்டு பொய் எச்சரிக்கைகள் எழுந்தன. ஓயாது பொய்யொலி கேட்கும் தாதியின் செவி, மெய்யொலியையும் பொருட்படுத்தாது விடக்கூடும். அன்றியும், படைவீரரிற் பெரும்பாலார் ஆடவராதலின், அப்பதிவேடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேரே பெண்கள். பெண் நோயாளரிடத்துக் கணினியின் கணிப்பும் குறைவாகவே பலித்தது. போதிய அளவு காணாதவரைப் பற்றி இயந்திரம் நன்கு கற்பதெங்ஙனம்?

மேலும், இவ்வாய்வு நடந்து முடிந்த நோய்களின் பதிவேடுகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டது. நோயாளியின் கட்டிலருகே அதே பயன் விளையுமா என்பதைத் தனியே சோதித்தறிதல் வேண்டும். ஆகவே, இத்தகைய கருவியை ஏற்கும் வைத்தியசாலை எதுவாயினும், அது யாருடைய பதிவேடுகளிற் பயின்றது, தன் நோயாளருக்குப் பொருந்துமா, எச்சரிக்கை எழுந்தவுடன் கவனிக்க ஆளுண்டா என்பவற்றை முதலில் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை கிடைத்தபின்னரே, முன்னதாகப் பெற்ற 48 மணித்தியாலமும் நோயாளிக்குப் பயன்படும்.