பொருள் கேளுங்கள்!

(விருதுநகரில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் தோழர் ஒருவர் செய்த சொற்பொழிவின் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் படித்துப் பட்டம் பெற்றவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகராதியும் பத்திரிகையுமே எனக்கு வாத்தியார்கள். ஆகவே என் பேச்சில் பிழை இருந்தால் நீங்கள் எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் இன்று பேசவே வந்திருக்கிறேன்.

இன்று பெரிய தத்துவம் ஒன்றும் பேசப்போவதில்லை. ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். (சிரிப்பு)

விளையாட்டு இதுதான். ஒருவர் அகராதியைத் திறந்து, கூட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைப் பொறுக்கிச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொருளைக் கற்பனை செய்து சீட்டில் எழுதித் தருவார்கள். உண்மைப் பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசிப்பார்கள். எது உண்மை என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவனுக்கு ஒரு மார்க்கு. தன் பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ, அத்தனை மார்க்கு அந்தப் பொய்யை எழுதியவனுக்கு. மேல்நாட்டில் இது வீட்டு விளையாட்டு. இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷன் 1965-லிருந்து இந்த மாதிரிப் போட்டி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு மூன்று பேர் மூன்று பொருள் சொல்லுவார்கள், ஒன்றுதான் மெய்.

சென்ற மாதம் இதே வாசகசாலையில் நாங்கள் சுமார் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து இதை விளையாடினோம். நான் கொடுத்த சொல் ‘ஞெலிகோல்’. இங்கிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் பொருள் தெரியும்? கை தூக்குங்கள். ஒரு கையையும் காணோம். அன்றைக்கும் அப்படித்தான்.

வந்த சீட்டுகளில் நாலை மட்டும் சொல்லுகிறேன். ஒருவர் நெல் அளக்கும் கோல் என்றார். ஒருவர் மாடு ஓட்டும் தார்க்குச்சி என்றார். ஒருவர், “மகரிஷிகள் யாகசாலையில் வலக்கையில் தரிக்கும் தண்டம், இதைத் தொட்டவருக்குப் பிணி அணுகாது என்பது ஐதிகம்” என்று எழுதியிருந்தார். நாலாவது, தீக்கடைகோல், அதாவது ஒரு கட்டையில் வைத்துக் கடைந்து தீ உண்டாக்கும் கோல். இதுதான் அகராதி சொல்லும் பொருள்.

வோட்டு எடுத்தோம். மகரிஷிக்குப் பதினொரு வோட்டு. தீக்கடைகோலுக்கு இரண்டே இரண்டு! (சிரிப்பு) தோழர்களே, சிரிக்காதீர்கள். இது எந்தச் சீமை? சிவகாசியிலிருந்து இருவர் கல்கத்தா வரை போய்த் தொழில் கற்றுத் திரும்பி, 1923-ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய சீமை. நாடு முழுவதற்கும் நெருப்புக் குச்சி செய்து அனுப்புகிற ஊர்க்காரர்களுக்கு, நெருப்புக் குச்சியின் பாட்டனுடைய பெயர் தெரியவில்லை. மகரிஷியின் தண்டம் மட்டும் கேட்டவுடனே உண்மையாகத் தோன்றிவிடுகிறது. புறநானூற்றில் அவ்வையார் அதியமானை இந்தக் கோலுக்குத்தான் ஒப்பிடுகிறார். கூரையில் செருகிக் கிடக்கும்போது உள்ளே தீ இருப்பது தெரியாது, வேண்டும்போது வெளிப்படும் என்பது கருத்து.

பொய் ஏன் ஜெயித்தது என்று பிறகு வோட்டுப் போட்டவர்களையே கேட்டேன். ஒருவர், “வாசகம் கம்பீரமாக இருந்தது” என்றார். இன்னொருவர், “ஐதிகம் என்று போட்டிருந்ததே!” என்றார். மூன்றாமவர், “பக்கத்திலிருந்தவர் அதற்குக் கை தூக்கினார், நானும் தூக்கினேன்” என்றார். தோழர்களே! உலகத்தில் உள்ள மூடநம்பிக்கை முழுவதற்கும் காரணம் இந்த மூன்று பதில்களில் அடங்கிவிட்டது. கம்பீரமான வார்த்தை, பழமை என்கிற முத்திரை, பக்கத்து வீட்டுக்காரன் செய்கிறான் என்கிற சாக்கு. இவை மூன்றும் சேர்ந்தால், அர்த்தமில்லாத சங்கதிக்குக்கூடப் பதினொரு வோட்டு விழுந்துவிடும்.

காது அறுத்த கதை

பொருள் தெரியாத சொல்லைக் கொண்டு ஒருவரை ஒருவர் மடக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. வில்லிபுத்தூராரைப் பற்றி ஒரு கதை சொல்லுவார்கள். அவர் புலவர்களை வாதுக்கு அழைத்துத் தோற்றவர்களின் காதைக் குறட்டால் அறுத்துவிடுவாராம். அருணகிரிநாதர் வந்து கந்தரந்தாதி பாட, அவர் ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லிக்கொண்டே போனாராம். ஐம்பத்து நான்காவது பாட்டை அருணகிரியார் ‘த’ என்ற ஒரே எழுத்தின் வரிசையாலேயே பாடிவிட்டார். பொருள் சொல்ல முடியாமல் வில்லிபுத்தூரார் தோற்றாராம். இது சரித்திரம் என்று நான் சொல்லவில்லை, கதைதான். ஆனால் கதையில் ஒரு புத்தி இருக்கிறது. பொருள் எவன் கையிலோ, குறடும் அவன் கையில். அந்தக் காலத்தில் காதை அறுத்தார்கள். இந்தக் காலத்தில் காது குத்துகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். (சிரிப்பு, கைதட்டல்)

இதற்கு மருந்தையும் தமிழ்ப் பெரியவர்களே தேடியிருக்கிறார்கள். தொல்காப்பியர் உரியியல் என்று ஓர் இயலே எழுதி, எல்லாருக்கும் விளங்கும் சொல்லை விளக்க வேண்டியதில்லை, விளங்காத சொல்லுக்கே பொருள் சொல்ல வேண்டும் என்று வைத்தார். பிறகு திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் வந்தன. அவை பாட்டாக இருந்தபடியால் குருவிடம் போய் நெட்டுருப் போட வேண்டும். குரு சேர்க்காத ஜாதிக்காரன் என்ன செய்வான்? வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதியை முழுக்க அகர வரிசையில் செய்தார். எழுத்துத் தெரிந்த எவனும் குருவின் தயவில்லாமல் சொல்லைத் தேடிப் பிடிக்க அது வழி செய்தது. பின்பு சென்னைப் பல்கலைக் கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு பாகங்களும் 1939-ல் ஓர் அனுபந்தமுமாகத் தமிழ் லெக்சிகனை வெளியிட்டது. லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இன்று அதைக் கைபேசியிலேயே காசில்லாமல் புரட்டலாம். இவ்வளவு வந்த பிறகும் நாம் பொருள் கேட்கிறோமா?

எட்டும் ஒன்பதும்

அஷ்டமியில் புறப்படாதே, நவமியில் தொடங்காதே என்கிறார்கள். அஷ்டமி என்றால் என்ன? எட்டாம் நாள். நவமி என்றால் ஒன்பதாம் நாள். அமாவாசையிலிருந்தோ பௌர்ணமியிலிருந்தோ எண்ணிக்கொண்டு வரும் கணக்கு. எட்டு ரூபாயை வாங்கப் பயப்படுகிறவன் உண்டா? ஒன்பதாம் மாதச் சம்பளத்தை வேண்டாமென்று சொல்லுகிறவன் உண்டா? தமிழில் ‘எட்டு’ என்றால் பயமில்லை; தெரியாத பாஷையில் ‘அஷ்டமி’ என்றால் பயம். ஆகவே பயம் நாளில் இல்லை, பொருள் தெரியாத வார்த்தையில் இருக்கிறது.

கலியாணத்துக்கு வருவோம். புரோகிதர் சொல்லும் விவாக மந்திரங்களில் ஒன்று ரிக் வேதத்திலிருந்து வந்தது. அதன் கருத்து, “உன்னை முதலில் சோமன் அடைந்தான், அடுத்துக் கந்தர்வன், மூன்றாவது அக்கினி, நாலாவதாக மனிதன் உன் கணவன்” என்பது. தாய்மார்களே! இதைத் தமிழில் மைக்கில் சொன்னால் பெண்ணைப் பெற்றவர் சும்மா இருப்பாரா? ஆனால் பொருள் தெரியாததால் கைகட்டி நின்று, அட்சதை போட்டு, தட்சணையும் கொடுத்து அனுப்புகிறோம்.

இதை முதலில் மாற்றிக் காட்டியது நம் பக்கத்து ஊர்தான். 1928-ல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் ஈ.வெ.ரா. முன்னிலையில் புரோகிதர் இல்லாமல், பொருள் தெரிந்த பேச்சில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அது செல்லாது என்று எத்தனையோ வழக்குப் பேச்சு வந்தது. கடைசியில் 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமே செய்தார்கள். அந்தச் சட்டத்தில் என்ன கண்டிருக்கிறது? மணமக்கள் “தங்களுக்குப் புரிகிற எந்தப் பாஷையிலாவது” ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும் என்ற கருத்துக் கண்டிருக்கிறது. ‘புரிகிற’ என்கிற அந்த ஒரு நிபந்தனைக்கு நாற்பது வருஷம் ஆயிற்று!

என் பிழை

பிறரை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது யோக்கியமல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு மேடையில் நான், ‘சாவி’ என்பது சுத்தத் தமிழ்ச் சொல், பூட்டைச் சாகடிப்பதால் சாவி என்று வீராவேசமாகப் பேசினேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவர் வந்து லெக்சிகனைக் காட்டினார். சாவி போர்த்துக்கீசியச் சொல். மேசை, அலமாரி, ஜன்னலெல்லாம் அதே கப்பலில் வந்தவை. தமிழ்ச் சொல் திறவுகோல். நான் என்ன செய்தேன்? மகரிஷியின் தண்டத்தை நானே தூக்கியிருக்கிறேன்! கறுப்புச் சட்டைக்காரன் சொன்னாலும் ஆதாரமில்லாதது ஆதாரமில்லாததுதான். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிழையைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. உறக்கம் நன்றாக வந்தது.

விளையாட்டு அல்லாத இடம்

கடைசியாக ஒன்று. நம் பக்கத்தில் ‘ஆபீஸ்’ என்றால் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ‘மருந்து’ என்றால் வெடிமருந்து. வெளியூரான் கேட்டால் நாற்காலி போட்ட இடம், காய்ச்சலுக்குத் தருவது என்று நினைப்பான். அவன் தப்பாக நினைத்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் உள்ளே வேலை செய்கிறவன் ஒரு சொல்லைத் தப்பாக நினைத்தால்?

எனக்குப் பதினாறு வயது. ஒரு சிறிய கொட்டகையில் வேலை. வெடியுப்பு, கந்தகம், கரி கலக்க வேண்டும். மூலையில் ஒரு டப்பாவில் வெள்ளைத் தூள். மேலே இங்கிலீஷ் எழுத்து. எங்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. “அண்ணே, இது என்ன?” என்றேன். “உப்புத்தான்டா தம்பி” என்றார் மூத்தவர். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் ஊகித்தார். அது வெடியுப்பு அல்ல, தீக்குச்சித் தலைக்குப் போடும் பொட்டாசியம் குளோரேட். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வே போதும், பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையை அரசாங்கம் 1992-லேயே தடை செய்திருந்தது. தடை உத்தரவு எங்கள் கொட்டகைக்கு எந்தப் பாஷையில் வந்ததோ தெரியாது. கலக்க உட்கார்ந்தவன் என் சிநேகிதன். அவனுடைய வலக்கையில் இன்று மூன்று விரல்தான் இருக்கிறது. அன்றிரவுதான் நான் ஒரு பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதியைக் கடன் வாங்கினேன்.

அவன் விரல் போனதற்கு விதி என்று பெயர் வைத்தார்கள். விதி என்ற சொல்லுக்கு நான் அன்றைக்குக் கண்ட பொருள், டப்பாவில் எழுதியிருந்ததை யாரும் படித்துச் சொல்லவில்லை என்பதுதான்.

ஆகவே தோழர்களே! இந்த விளையாட்டை வீட்டில் பிள்ளைகளோடு விளையாடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள். அகராதியை நடுவில் வையுங்கள். பிறகு, விளையாட்டில் கேட்ட கேள்வியை வெளியிலும் கேளுங்கள். மந்திரம் சொல்லுகிறவரிடம் கேளுங்கள். பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறவரிடம் கேளுங்கள். டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டிக் கேளுங்கள். உங்கள் ஆபீஸில் ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில் எழுது என்று முதலாளியிடம் கேளுங்கள். “இதற்குப் பொருள் என்ன? ஆதாரம் எங்கே?” என்ற இரண்டு கேள்விக்குக் காசு செலவில்லை.

நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஞெலிகோலுக்கு நான் சொன்ன பொருள் சரிதானா என்று இன்றிரவு வீட்டுக்குப் போய் லெக்சிகனைப் பாருங்கள். தப்பாயிருந்தால் நாளைக்கே வந்து சொல்லுங்கள். (நீடித்த கைதட்டல்)