ஆளுக்கொரு பக்கம்

(திருமழிசையில் நூலன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரில் மேடையேறுவோர் ஆழ்வாரைத் தொடாமல் பேச்சைத் தொடங்குதல் இயலாது. நானும் அவரிடமிருந்தே தொடங்குகின்றேன். சமயம் பேசுதற்கன்று, ஏட்டைப் பற்றிப் பேசுதற்கு. திருமழிசையாழ்வார் தாம் எழுதிய ஏடுகளையெல்லாம் குடந்தையில் காவிரியாற்றில் விட்டார் என்றும், அவற்றுள் நான்முகன் திருவந்தாதியும் திருச்சந்தவிருத்தமும் மட்டுமே வெள்ளத்தை எதிர்த்து மீண்டு வந்தன என்றும் வழிவழிக் கதையொன்று உண்டு. முன்னது 96 பாட்டு. பின்னது 120 பாட்டு. ஆக, 216 பாட்டுகள் நம் கையில் உள்ளன. கதையை நம்புவார் நம்புக; நம்பாதார் விடுக. ஆனால் நாமறிந்த வரையில் ஏடு தானாக எதிர்நீச்சல் அடிப்பதில்லை. யாரோ ஒருவர் நீரில் இறங்கி எடுத்திருத்தல் வேண்டும். யாரோ ஒருவர் அதனை வெயிலில் உலர்த்தியிருத்தல் வேண்டும். பின்னும் யாரோ ஒருவர் சிதைந்த ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையிற் படியெடுத்திருத்தல் வேண்டும். அந்தப் பெயர் தெரியாத கைகளைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன்.

முத்தொள்ளாயிரம் என்னும் நூலைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மூவேந்தரையும் பாடிய அப் பெருநூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. இன்று நாம் படிக்கும் நூற்றுச் சில்லறை வெண்பாக்களும் பெரும்பாலும் புறத்திரட்டு என்னும் தொகை நூலால் பிழைத்தவை. அப் புறத்திரட்டைத் தொகுத்தவர் யார்? பெயர் தெரியாது. அவர் புலவராய் இருந்திருக்கலாம், ஆசிரியராய் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் உறுதி. அவர் நூலை விரும்பினார். தமக்குப் பிடித்த பாடல்களைத் தாம் மட்டும் படித்து மகிழாமல், பிறர்க்கும் ஆகுமென்று எழுதி வைத்தார். அந்த ஒருவர் சோம்பியிருந்தால், தமிழிலக்கிய வரலாற்றில் முத்தொள்ளாயிரம் என்பது வெறும் பெயராக நின்றிருக்கும். வளையாபதியும் குண்டலகேசியும் ஏறத்தாழ அவ்வாறே நிற்கின்றன அல்லவா?

ஓலைக்காலம் போய் அச்சுக்காலம் வந்தது. ஈழத்துப் பேரறிஞர் சி.வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையை அச்சிட்டார். அதே 1887-இல் உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று அவர் உழைப்பு தொடர்ந்தது. அவர்களை நாம் நாடோறும் போற்றுகின்றோம், போற்ற வேண்டுவதே. ஆயின் ஒரு செய்தியை மட்டும் மறந்துவிடுகின்றோம். அந்நூல்கள் ஒருவர் கையால் மட்டும் வெளிவந்தவையல்ல. ஏடு தந்தவர் ஒருவர். ஐயம் தீர்த்தவர் ஒருவர். உடனிருந்து ஒப்புநோக்கியவர் ஒருவர். நூல் வெளிவருமுன்பே 'எனக்கு ஒரு படி வேண்டும்' என்று கையொப்பமிட்டுப் பணம் தர முன்வந்தவர் பலர். நூலைப் படிப்பவர் கூட்டமொன்று பின்னின்றமையால்தான் நூலைப் பதிப்பித்தவர் முன்னிற்க முடிந்தது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு, தைப்பொங்கல் நாள். சுவிட்சர்லாந்து நாட்டின் இலோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம், அமெரிக்க நாட்டில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்சுனனைத் துணைக்கொண்டு ஒரு பணியைத் தொடங்கினார். அதுவே மதுரைத் திட்டம் எனப் பெயர் பெற்றது. தமிழ் நூல்களைக் கணிப்பொறியில் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, இணையத்தின் வழியாக உலகிலுள்ள எவர்க்கும் விலையின்றி வழங்குவதென்பதே அதன் நோக்கம். அரசின் பொருளுதவி இல்லை. பெருஞ்செல்வர் கொடை இல்லை. சம்பளம் வாங்கும் ஆளில்லை. அத்திட்டத்தின் முதலெண்ணில் நிற்கும் நூல் திருக்குறள். வேறெது நிற்கும்? இன்று ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மின்னூல்கள் அங்கே உள்ளன. தொல்காப்பியம், கழக நூல்கள், காப்பியங்கள், ஆழ்வார் பாடல்கள், சிற்றிலக்கியங்கள், இக்காலப் புதினங்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். இவ்வூர் ஆழ்வாரின் இரண்டு பனுவல்களும் அங்கே கிடைக்கும். காவிரி வெள்ளத்தை எதிர்த்து வந்த ஏடு, கடல்கடந்தும் போயிற்று.

தோழர்களே! அந்த மின்னூல்களுள் எதனையேனும் திறந்து பாருங்கள். நூல் தொடங்குமுன் சில வரிகள் இருக்கும். தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்று அங்கே பொறித்திருப்பார்கள். ஒருவர் ஈழத்தவர், ஒருவர் சிங்கப்பூரினர், ஒருவர் அமெரிக்காவில் பணி செய்பவர். ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்களே மிகப்பலர். அவர்களைச் சேர்த்துக் கட்டிய கயிறு நூல் ஒன்றே. அந்த முகப்பு வரிகளை நீக்காமல் எவரும் எவர்க்கும் படியெடுத்துத் தரலாம் என்பதே அவர்கள் விதித்த கட்டளை. இதைவிடப் பெருந்தன்மையான விலைச்சீட்டு எந்த நூற்கடையிலும் எனக்குத் தென்பட்டதில்லை.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்நாளில் கணிப்பொறியில் தமிழுக்கு ஒரே எழுத்துமுறை இல்லை. ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்தால், அவ்வெழுத்துரு இல்லாத இன்னொருவரின் திரையில் அது பொருளற்ற கோடும் புள்ளியுமாகத் தெரியும். தமிழன் எழுதியதைத் தமிழன் படிக்க முடியாத நிலை! 1999 முதல் 'திசுக்கி' என்னும் பொது முறையையும், பிறகு உலகமொழிகள் அனைத்திற்கும் பொதுவான ஒருங்குறியையும் அவர்கள் மேற்கொண்டனர். முன்பு செய்த நூல்களையெல்லாம் மீண்டும் மாற்றினர். செய்த வேலையையே மறுமுறை செய்யும் பொறுமை, ஊதியத்திற்கு உழைப்பவனுக்கு வருவது அரிது; விரும்பி உழைப்பவனுக்கே வரும்.

உலகிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1971-இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஆர்ட்டு என்னும் இளைஞர் தம் நாட்டு விடுதலை அறிக்கையைக் கணிப்பொறியில் தட்டிவைத்துத் தொடங்கியதே கூட்டன்பர்க்குத் திட்டம். 2000-ஆம் ஆண்டில் அதற்குத் துணையாகப் பிழைதிருத்துவோர் கூட்டமொன்று எழுந்தது. நாளுக்கு ஒரு பக்கம் என்பதே அவர்கள் வேண்டுகோள். ஒரு பக்கம்! அதற்குமேல் யாரையும் அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை.

நம் விக்கிமூலத்திலும் அதே முறைதான். நம் அரசு அறிஞர் பலரின் நூல்களை நாட்டுடைமையாக்கி, அவர்தம் வழியினர்க்குப் பரிவுத்தொகை வழங்கி வந்துள்ளது. மறைமலையடிகள், பாவாணர் நூல்களும் அவ்வாறு நாட்டுடைமை ஆனவையே. அத்தகைய நூல்கள் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. பக்கத்தின் படம் ஒருபுறம். எழுத்துணரி என்னும் பொறி அதனைப் படித்துத் தந்த எழுத்து மறுபுறம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதே நம் வேலை. யாரும் தொடாத பக்கம் செந்நிறத்தில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மஞ்சள் ஆகும். அவரல்லாத இன்னொருவர் பார்த்து ஒப்பினால் பச்சை ஆகும். திருத்தியவரே தம் வேலைக்குத் தாமே பச்சை தீட்டிக்கொள்ள முடியாது. நம் அவைகளும் கட்சிகளும் இந்த ஒரு விதியைக் கற்றுக்கொண்டால் நாடு எவ்வளவோ உருப்படும்! அது நிற்க.

'பொறிதான் படித்துவிட்டதே, இன்னும் மாந்தர் எதற்கு?' என்று கேட்பீர்கள். சொல்கின்றேன். ஓலைச்சுவடியில் ரகரத்திற்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இராது. மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோலவே கிடக்கும். சுவடி பார்த்தவர்களெல்லாம் கண்ணொளியை அதற்கே கொடுத்தார்கள். நூறாண்டு கழித்து, மின்பொறியும் அதே ரகரத்திலும் துணைக்காலிலும்தான் தடுக்கி விழுகின்றது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கணிப்பொறிக்கு அவை வேறு வேறு. துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரம் இருந்தால், நாளை ஒரு மாணவன் அச்சொல்லைத் தேடும்போது அது அகப்படாது. நூல் இருக்கும்; சொல் இராது. மேலும், 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருமுன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை என்பவை பழைய கொம்பு வடிவில் இருக்கும்; ணா, றா, னா என்பவையும் வேறு வடிவில் இருக்கும். பொறி அங்கே திகைக்கின்றது. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அந்த எழுத்தில்தானே நீங்கள் அரிச்சுவடி கற்றீர்கள்? இளைஞர்க்கு வாராத இவ்வேலை உங்களுக்குக் கண்மூடி எழுந்தாற்போல் எளிது. ஓய்வு பெற்றோம், இனி நம்மால் என்ன பயன் என்று எண்ணற்க.

இவ்விடத்தில் நம் இயக்கத்தார்க்கு ஒரு சொல், சிலர்க்குக் கசக்கலாம். பிறர் நூலைத் திருத்தும்போது, அவர் எழுதிய வடசொல்லைக் கண்டு கை துடிக்கும். 'இதனைத் தூய தமிழாக்கி விட்டால் என்ன?' என்று தோன்றும். ஆக்கவே கூடாது! நாம் எழுதுவதில் நாம் தூய்மை காப்போம். முன்னோர் எழுதியதை அவர் எழுதியவாறே காப்பதுதான் மெய்ப்புப் பார்ப்பவன் கடமை. மணிப்பவள நடையாயினும், நமக்கு உடன்பாடில்லாத கொள்கையாயினும், ஓரெழுத்தும் மாற்றற்க. நம் பகைவன் நம் நூலில் கைவைத்தால் பொறுப்போமா? அன்றியும், அயற்சொல் எந்நூற்றாண்டில் எவ்வளவு புகுந்தது என்று நாளை ஆய்பவனுக்குச் சான்று அந்நூல்களே. சான்றை அழித்துவிட்டு வழக்காடுபவன் தோற்பான்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த நூலையோ, நாட்டுடைமையான நூலையோ, உரியவர் மனமுவந்து தந்த நூலையோதான் இவ்வாறு பொதுவில் வைக்கலாம். வாழும் எழுத்தாளன் நூலைத் திருட்டுத்தனமாகப் படமெடுத்துக் கைப்பேசி வழியாகப் பரப்புவதைச் சிலர் தமிழ்த்தொண்டு என்கின்றனர். அது எழுதுபவன் வயிற்றில் அடிப்பது.

ஏன் இத்தனை விரைவு காட்டுகின்றேன் என்பீர்கள். 1981-ஆம் ஆண்டு மே இறுதிநாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்தனர். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. அந்த நெருப்பை நேரிற் கண்ட தலைமுறையின் பிள்ளைகள்தாம் 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வருகின்றனர். ஆயிரம் இடங்களில் படியிருக்கும் நூலை எந்தத் தீயும் தின்ன முடியாது. நமக்கு இங்கே தீ வைப்பார் இல்லை. கறையானும், பழந்தாளின் காடியும், பழைய நூலை எடைக்குப் போடும் நம் கையுமே போதும்.

கூடிச் செய்வதன் பயன் நூலுக்கு மட்டுமன்று. தனியே படிப்பவன், தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவான். பிழை திருத்துபவன் தாண்ட முடியாது. ஒவ்வோர் எழுத்திலும் நிற்க வேண்டும். நின்றால் ஐயம் வரும். ஐயம் வந்தால் இன்னொருவரைக் கேட்க வேண்டும். கேட்டால் நட்பு உண்டாகும். முன்னாளில் முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் இதழைப் படிக்கப் பத்துப்பேர் கேட்டார்களே, அந்தப் படிப்பகங்கள் வளர்த்த அறிவை எந்தத் தேர்வுத்தாள் வளர்த்தது? இன்று எல்லார் கையிலும் திரை இருக்கின்றது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் திரைக்குள் தனியே குனிந்திருக்கின்றனர். அதே திரையில் நாற்பது பேர் ஒரே நூலைச் செப்பஞ்செய்தால் அதுவும் படிப்பகமே.

2020-இல் கோயம்பேட்டுக் காய்கறிச் சந்தை சில திங்கள் இங்கே வந்தபோது, செய்தித்தாள்களெல்லாம் திருமழிசை திருமழிசை என்று எழுதின. கத்தரிக்காயால் ஊர் பெயர் பெற்றது பற்றி எனக்கு வருத்தமில்லை. உழவன் பொருள் அது. ஆனால் ஆழ்வார் பிறந்த ஊர், தன் பங்கிற்கு ஒரு நூலையேனும் முடித்துத் தருதல் வேண்டாவா?

கணக்கைப் பாருங்கள். இந்த அவையில் ஏறத்தாழ நாற்பது பேர் இருக்கின்றீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பக்கம் என்றால், 200 பக்க நூலொன்று ஐந்து நாளில் மஞ்சள் ஆகும். ஒருவர் பக்கத்தை மற்றொருவர் மாற்றிப் பார்த்தால், மேலும் ஐந்து நாளில் பச்சை ஆகும். தட்டச்சு அறியாதார் தாளில் திருத்தித் தரலாம். அறிந்த பிள்ளைகள் ஏற்றுவார்கள். கண் மங்கியவர் காதாற் கேட்டே பிழை சொல்லலாம். ஒருவர் படிக்க வேண்டும், அவ்வளவே.

அந்த மேசைமேல் பாவாணர் நூலொன்றிலிருந்து இன்னும் யாரும் தொடாத பக்கங்களை அச்செடுத்து வைத்திருக்கின்றேன். இடப்பக்கம் மூலப்படம், வலப்பக்கம் பொறி படித்தது. ஒவ்வொரு தாளின் மேலும் பக்க எண் உண்டு. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். செம்மையில் திருத்துங்கள்; ஐயமுள்ள இடத்தில் கரியகோலால் வட்டமிடுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த வட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம்.