புகையும் பணமும்



குளம் வற்றினால் தூர் வாருகிறோம். எண்ணெய் வயல் வற்றினால்? அமெரிக்காவிலே, டெக்சாஸ் மாநிலத்திலே, அதற்கொரு மருத்துவம் செய்தார்கள். மருந்து எது தெரியுமா? அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி கக்கும் கரியமில வாயு!

வெஸ்ட் ராஞ்ச் என்பது அந்த வயலின் பெயர். 1938-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இளமையிலே பொங்கிற்று, முதுமையிலே, நாளொன்றுக்குச் சுமார் 300 பீப்பாய் என முனகிற்று. எண்ணெய் தீர்ந்துவிட்டதா? இல்லை. கஞ்சன் மடியிலே முடிந்த காசுபோல், பாறையின் நுண்துளைகளிலே ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. கரியமில வாயுவை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால், அது எண்ணெயிலே கரைகிறது. எண்ணெய் உப்புகிறது, இளகுகிறது, கிணற்றை நோக்கி நகர்கிறது. எண்ணெயோடு மேலேறும் வாயுவைப் பிரித்து மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். ஒரு பகுதி பாறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. விஞ்ஞானியின் வித்தகம் அது, பாராட்டுகிறேன்!

பெட்ரா நோவா எனும் அத்திட்டம் 2017-இல் தொடங்கிற்று. செலவு ஏறத்தாழ 100 கோடி டாலர். அதிலே 19 கோடி, அரசாங்கம் தந்தது. அதாவது, உழைப்பவன் கட்டிய வரி! மின் நிலையத்தின் ஒரு பிரிவிலே, 240 மெகாவாட் உற்பத்திக்குரிய புகையிலிருந்து 90 சதவீத வாயுவைப் பிடித்து, 130 கிலோமீட்டர் குழாய்வழி வயலுக்கு அனுப்புவது ஏற்பாடு. (அந்த எந்திரத்தை இயக்கவென்று தனியே ஓர் எரிவாயு மின் நிலையம் கட்டினார்களே, அதன் புகையைப் பிடித்தார்களா? இல்லை! வேடிக்கையான சிக்கனம்.)

வந்தது 2020. எண்ணெய் விலை சரிந்தது. மே திங்களிலே எந்திரம் நின்றது. மின் நிலையம் நின்றதா? இல்லை. நிலக்கரி எரிவது நின்றதா? இல்லை. புகையைப் பிடிப்பது மட்டும் நின்றது! மறுபடி அந்த எந்திரம் அசைந்தது 2023 செப்டம்பரிலேதான். இடையிலே, 2022-இல், அதன் பாதிப் பங்கு வெறும் 36 லட்சம் டாலருக்குக் கைமாறிற்று. 100 கோடி எங்கே, 36 லட்சம் எங்கே!

எண்ணெய் விலை ஏறினால் காற்றுக்குக் காவல். இறங்கினால் காவற்காரனுக்கு விடுமுறை! மீட்ட எண்ணெயும் நாளை எரிந்து புகையாகத்தான் போகிறது. அந்தக் கணக்கை யார் எழுதுவது?

அமெரிக்கக் கதை நமக்கேன் என்பீர்கள். 2019-இல், குஜராத்தின் கோயலி சுத்திகரிப்பு ஆலையிலே பிடிக்கும் வாயுவைக் கந்தார் எண்ணெய் வயலுக்கு அனுப்ப, இந்தியன் ஆயிலும் ஓ.என்.ஜி.சி.யும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. இரண்டும் பொதுத்துறை, பணம் நம்முடையது. விலை விழும் நாளிலும் புகையைப் பிடித்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? பிடித்ததும் புதைத்ததும் எத்தனை டன் என்று ஆண்டுதோறும் மக்கள் முன் வைப்பார்களா? டில்லி மன்றத்திலே நம்மவர் எழுந்து நின்று கேட்கவேண்டிய கேள்விகள் இவை. இந்தக் கூட்டத்தொடரிலேயே கேட்கவேண்டும்.