கடலோரத்தில் இலை உதிராத காடு

இன்று புதுச்சேரியின் உப்பளத்திலிருந்து வடக்கே போவோம். விளையாட்டரங்கத்தையும் துறைமுகத்தையும் விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லைக்குள் கீழ்ப்புத்துப்பட்டு. புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வழியெல்லாம் சவுக்குத் தோப்பு. பிறகு திடீரென்று கரும்பச்சையாய் ஒரு காடு. அதற்குள்ளே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில்.

சித்திரையில் போய்ப் பாருங்கள். அந்த மாதத்தில் ஜவ்வாது மலைக் காடு இலையெல்லாம் கொட்டிவிட்டு எலும்பாய் நிற்கும். இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையும் நீளம்தான். ஆனால் இந்தத் தோப்பில் வெயில் தரையைத் தொட இடம் தேடும். வறட்சிக்கு இரண்டு விதமான பதில்! இங்கே இலை உதிராததற்குக் காரணம் கடற்காற்றின் ஈரமா, இடைக்கிடை விழும் கோடைத் தூறலா, மண்ணா என்று தாவரவியலாளர்கள் பலகாலம் வாதிட்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் மெஹர்-ஹோம்ஜி, லெக்ரி, பிளாஸ்கோ போன்றவர்கள் மரக்காணம், கோடியக்கரைக் காடுகளைப் பற்றி எழுதியதில் இந்தக் கேள்வியும் வருகிறது.

உள்ளே நுழைந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பத்து மீட்டரைத் தாண்டும் மரங்கள் குறைவு. அடிமரமும் பெரும்பாலும் ஒல்லி. அதிகம் கண்ணில் படுவது காசான். காயாம்பூ மேனியன் என்று திருமாலைப் பாடுகிறோமே, அந்த நீலப்பூ இந்த மரத்தில்தான் பூக்கும். பக்கத்தில் வீரை, பாலை, குருந்து, நாவல். இவற்றின் மேல் ஏறி, ஒன்றோடொன்று பின்னி, நடக்க விடாமல் மறிக்கும் கொடிகள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 1990-களிலிருந்து இந்தக் கரையோரத் தோப்புகளில் மரம் மரமாக நாடா வைத்துச் சுற்றளவு எடுத்தபோது, கொடிகளையும் விடாமல் கணக்கில் சேர்த்தார்கள். சேர்க்காவிட்டால் இந்தக் காட்டில் பாதியைப் பார்க்காமல் வந்தது போலத்தான்.

இலையுதிர் காட்டின் கட்டுமானம் வேறு. முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தார் 50 ஹெக்டேர் அளந்து, மரங்களுக்கு எண் கொடுத்துத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவ்வளவு பரப்பிலும் சுமார் 70 இனங்கள்தான். அதிலும் வெண்தேக்கு, கருமருது, வெக்காலி, தேக்கு ஆகியவற்றின் ஆட்சி. கோடைத் தீ அடிக்கடி புகுந்து இளங்கன்றுகளைக் கருக்கிவிடுவதால், பெரிய மரங்களுக்குக் கீழே வெறும் புல். கருமருது, வெக்காலி காய்களுக்குச் சிறகு உண்டு, காற்று கொண்டுபோகும். புத்துப்பட்டில் காற்றுக்கு அவ்வளவு வேலையில்லை. காசான் பழத்தையும் நாவல் பழத்தையும் பறவையும் மரநாயும் தின்றுதான் விதை நகரவேண்டும். ஆகவே இந்தக் காட்டில் குயில் கூவுவதை வெறும் இனிமை என்று எண்ணிவிடாதீர்கள், நடவு வேலை நடக்கிறது.

இந்தக் காடு மிஞ்சியதற்குக் காரணம் வனச் சட்டம் என்பதைவிட அய்யனார் மேல் உள்ள பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சாமி தோப்பில் கிளை ஒடிக்கக் கூடாது என்பது ஊருக்கு ஊர் உள்ள வழக்கம். ஆனால் குலதெய்வம் கும்பிட வருகிறவர்களுக்குச் சமைக்க இடம் வேண்டும், வண்டி நிறுத்த வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். பக்தி கூடக் கூடத் தோப்பு சுருங்கும் வேடிக்கையைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

திரும்பும்போது ஆரோவில் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். அது தொடங்கிய 1968-ல் அந்த இடம் செம்மண் பொட்டல். மழைநீர் அரித்த பள்ளங்கள். அங்கே குடியேற வந்தவர்கள் முதலில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை வைத்தார்கள். அந்த நிழல் வந்த பிறகு, சுற்றுவட்டாரத்துச் சாமி தோப்புகளில் விதை பொறுக்கி முளைக்கவைத்து நட்டார்கள். அங்கே பாதையோரம் நிற்கும் வீரையையும் காசானையும் இப்போது உங்களால் அடையாளம் காண முடியும்.