கத்தி முனையும் நெஞ்சின் ஈரமும்

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளை ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



புதியன காணும் அறிவும், பிறர் துன்பம் உணரும் நெஞ்சும் சமுதாயத்துக்கும் தனி மனிதனுக்கும் என்ன நன்மை செய்யும் என்பதைப் பற்றிப் பேசும்படி தலைவர் என்னைப் பணித்திருக்கிறார். நான் பேராசிரியன் அல்லன். பால் வெட்டுக்காரரின் மகனாகப் பிறந்து, செக்ரோல் எழுதிப் பிழைத்தவன். ஆகவே, எனக்கு நன்கு தெரிந்த பால் மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ரப்பர் மரம் இந்த மண்ணின் மரம் அன்று. பிரேசில் நாட்டிலிருந்து எடுத்த விதைகள் இலண்டனில் முளைத்து, 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பிரேசில் காடுகளில் அந்நாளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். காயம் கட்டைவரை இறங்கும், மரம் நலியும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த ரிட்லி என்பவர் வேறு வழி கண்டார். பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுமுறையும் மெல்லச் சீவித் திறந்தால் பால் அதிகமாகவே வரும், மரமும் பிழைக்கும், சீவிய இடத்தில் புதுப் பட்டையும் வளரும் என்று காட்டினார். ரப்பர் பயிரிடுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால் அக்காலத்தவர் அவரைப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள். அந்தப் ‘பைத்தியம்’ கண்ட வழியில்தான் நம் பாட்டனாரும் தந்தையாரும் கத்தி பிடித்தார்கள்.

கத்தி பிடித்த தோழர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் வெட்டுகிறவரே நல்ல வெட்டுக்காரர். அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். மண்டோர் வந்து கேட்பார். துரை வரை செய்தி போகும். ஆனால் தோழர்களே, அதே தோட்டத்தில் ஒரு மனிதனின் உள்ளத்தில் காயம் விழுந்தால் யார் வந்து கேட்டார்கள்? மரத்துக்கு நோகாமல் பால் எடுக்க வழி கண்ட அறிவு, அதை வெட்டியவனுக்கு நோகாமல் வேலை வாங்க வழி காணவில்லை. ஈரமில்லாத அறிவின் குறை இதுதான். வள்ளுவர் இன்னா செய்யாமையைப் பேசும் இடத்தில் அறிவையும் இரக்கத்தையும் சேர்த்தே நிறுத்துகிறார். அதன் காரணத்தை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. பெரட்டுக் களத்தில்தான் அறிந்தேன்.

அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1964ஆம் ஆண்டு. நான் புதிதாகக் கிராணி வேலையில் அமர்ந்திருந்தேன். இருள் பிரியாத நேரத்தில் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்தபின் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தார். நான் பேர் போடவில்லை. விதி விதிதான் என்றேன். அவர் ஒரு சொல்லும் பேசாமல் வாளியை எடுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். அன்றைய கூலி அவருக்குப் போயிற்று. நான் ஏதோ கடமையைச் செய்தவன்போல ஏட்டை மூடினேன்.

அன்று இரவு என் தந்தையார் கேட்டார்: “ஏன்டா, அந்தப் புள்ள ஏன் லேட்டா வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவருடைய குழந்தைக்கு விடிய விடியக் காய்ச்சல் என்று தெரிந்திருக்கும். காய்ச்சல் கண்ட குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட முடியாது. மற்றக் குழந்தைகளுக்கும் தொற்றிவிடும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பால் வெட்டோ விடியலில் நடந்தாக வேண்டிய வேலை. வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். இவ்வளவும் அந்த ஒரு பேருக்குப் பின்னால் இருந்தது. என் ஏட்டில் அதற்கு இடம் இல்லை.

மறுநாள் எனக்கு இரக்கம் வந்தது. அடுத்த முறை கண்டும் காணாமல் பேர் போட்டுவிடலாம் என்று எண்ணினேன். என் தந்தையார் அதையும் ஏற்கவில்லை. “இன்னைக்கு நீ போடுவே, நாளைக்கு வேற கிராணி வந்தா?” என்றார். அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அறிவில்லாத இரக்கம் கண்ணீர் விடும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இரக்கத்தோடு ஒரு புது வழியும் வேண்டும்.

அந்த வழியைக் கண்டவன் நான் அல்லன். பெண்களே கண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பன்னிரண்டு தாய்மார் கூடினார்கள். ஒருவர் சொன்னார்: “தோட்டம் வாங்கறதுக்கு மாசம் பத்து வெள்ளி கட்றோமே, அது மாதிரி இதுக்கும் ஆளுக்கு அம்பது காசு போட்டா என்ன?” எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். லயத்தின் கடைசி வீட்டில், வேலை முடிந்து மகன் கையை எதிர்பார்த்து ஒரு பாட்டி இருந்தார். எவர் குழந்தைக்கு நோய் கண்டாலும் விடியற்காலையில் அந்தப் பாட்டி பார்த்துக்கொள்வார். மாதம் ஆறு வெள்ளி அவருக்குச் சேரும். கணக்கு நோட்டு எழுதியது மட்டுமே என் பங்கு. அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் குழந்தைக் காய்ச்சலுக்காகக் கூலி இழக்கவில்லை. பாட்டியோ, “நானும் சம்பளக்காரிதான்” என்று சொல்லி நிமிர்ந்து நடந்தார். ஊரும் வாழ்ந்தது, ஒரு மூதாட்டியின் மனமும் வாழ்ந்தது.

அந்தத் தாய் குறிப்பிட்ட பத்து வெள்ளிக் கதை இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற அந்தக் கொடுமையில் வேலை போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. அதைக் கண்டு வருந்தியவர் பலர். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் வருந்தியதோடு நிற்கவில்லை. தோட்டம் விற்பனைக்கு வந்தால் தொழிலாளியே அதை வாங்கினால் என்ன என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் பேசினார். கூலிக்காரன் தோட்டம் வாங்குவதா என்று நகைத்தவர்கள் இருந்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தச் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னும் பல தோட்டங்கள் வந்தன. பிறர் துன்பம் உணர்ந்த நெஞ்சும் புது வழி கண்ட அறிவும் கைகோத்தால் கூலிக்காரனின் பத்து வெள்ளியும் தோட்டமாகும்.

நிற்க. இது வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று, மனத்துக்கும் உரியது. 1950ஆம் ஆண்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர் தமிழ் நேசன் நாளிதழில் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பத்திரிகை வழியாகவே பாடம் சொன்னார்கள். பின்னர் 1957 வரை அந்தப் பத்திரிகையில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இந்நாட்டு எழுத்தாளர் பலருக்கு வழிகாட்டினார். எழுத்து என்பது ஊரில் இருக்கும் பண்டிதருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அதனால் உடைந்தது.

எங்கள் லயத்தில் ஒரு வெட்டுக்காரர் இருந்தார். மண்டோர்மீது அவருக்குத் தீராத கோபம். கோபம் வந்த மாலைகளில் கள்ளுக்கடையே கதி. அவர் ஒருநாள் மண்ணெண்ணெய் விளக்கடியில் கதை எழுத உட்கார்ந்தார். மண்டோரைக் கொடியவனாக வைத்துத் தொடங்கினார். ஆனால் கதையில் அந்த மண்டோர் வீட்டுக்குப் போக வேண்டும், சாப்பிட வேண்டும், பெண்டாட்டி பிள்ளைகளோடு பேச வேண்டும். எழுத எழுத, மண்டோரும் துரைக்கு அஞ்சித் தூக்கம் கெட்டவன் என்பது அவருக்கே தெரிந்தது. அந்தக் கதை எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆனால் அவர் கள்ளுக்கடைக்குப் போவது குறைந்தது. மண்டோரிடம் சண்டை போட வேண்டிய இடத்தில் சண்டையும் போட்டார்; வெறுப்பு மட்டும் போய்விட்டது. உரிமைக்குப் போராட வெறுப்பு தேவையில்லை என்பதை நான் அவரிடம் கற்றேன். நாடகம் போடுவதும், பாட்டுக் கட்டுவதும், வாசலில் கோலம் போடுவதும் வீண் வேலை என்று நினைக்காதீர்கள். நாள் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்த கை, தானே நினைத்ததைச் செய்யும் நேரம் அதுதான்.

தோழர்களே! இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். நாம் விட்டு வந்த வேலையை இந்தோனேசியரும், வங்காள தேசத்தாரும், நேப்பாளத்தாரும் செய்கிறார்கள். அவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? நம்மில் சிலர் அவர்களைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. இதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

நம் பாட்டனார் யார்? கங்காணி பேச்சை நம்பிக் கப்பல் ஏறியவர். கடன் கழியும்வரை ஊர் திரும்ப இயலாதவர். கங்காணி ஆள் கட்டுவதற்கு இந்திய அரசாங்கம் 1938இல் தடை போடும்வரை அப்படித்தான் ஆயிரமாயிரம் பேர் வந்து இறங்கினார்கள். இன்று ஏஜெண்டு பேச்சை நம்பிக் கடன் வாங்கி விமானம் ஏறி வந்தவன், நம் பாட்டனாரின் மறுபிறப்பு அல்லவா? நம்மை ஒரு காலத்தில் பார்த்த அதே கண்ணால் அவனை நாம் பார்த்தால், நாம் பட்ட பாட்டிலிருந்து என்ன கற்றோம்?

கிராணிமார்களுக்கு ஒரு சொல். அவனுடைய சம்பளச் சீட்டு அவனுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று வாசித்துக் காட்டுங்கள். நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வி ஒரு தாயின் ஒருநாள் கூலியைத் தின்றது. நீங்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். வெட்டுக்காரத் தோழர்களுக்கும் ஒரு சொல். புதிதாக வந்தவனுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். அவன் பெயரைக் கேட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பதற்குப் பன்னிரண்டு தாய்மார் கூடியது போல் நீங்களும் கூடி உட்காருங்கள்; வழி பிறக்கும்.

நல்ல வெட்டுக்காரன் உயிருள்ள படலத்தைத் தொடாமல் வெட்டுகிறான். மரத்துக்குக் காட்டும் அந்தக் கருத்தை மனிதனுக்கும் காட்டுவோம்.